இரண்டு கதவுகளுக்கு நடுவில்

மொன்ட்ரியாலில் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களின் வாசலில் இரண்டு கதவுகள் இருக்கும். தெருப்பக்கம் ஒன்று, உள்ளே ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நாலு பேர் நெருக்கிக்கொண்டு நிற்கக்கூடிய ஒரு சின்ன இடம். சுவரில் தபால்பெட்டிகள், நிலத்தில் உப்புக்கறை படிந்த ஒரு றப்பர் விரிப்பு, மூலையில் ஒரு சூடாக்கி. சென்ட் லோரன்ட்டில் நாங்கள் இருந்த கட்டடத்தில் அந்த இடம் மூன்றாம் மாடி அக்காவின் ஆட்சிக்கு உட்பட்டது.

அக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கலாம். மாரி என்று நாங்கள் சொல்லும் பனிக்காலத்துக்கான கோட்டுகள் தைக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலையிலிருந்து மாலைவரை கோட்டுகளின் முன்பக்கத்தில் இழுத்து மூடும் சிப்பைப் பூட்டுவதுதான் அந்த வேலை. பெண்களை ஏற்றிப்போகும் வான் ஆறரைக்கு வரும். அக்கா ஆறேகாலுக்கே இறங்கிவந்து இரண்டு கதவுகளுக்கு நடுவில் நின்றுவிடுவார். அந்தப் பதினைந்து நிமிடத்தில் வேலைக்குப் போகிற யாரும் அவரைத் தாண்டாமல் தெருவுக்குப் போக முடியாது.

“நில். சிப்பை இழு.”

“இழுத்திருக்கு அக்கா.”

“உது நெஞ்சுமட்டும். கழுத்துமட்டும் இழு. குளிர் கழுத்தாலதான் உள்ளுக்கு வரும்.”

“காலால வராதோ அக்கா?”

“காலால வாறதுக்குத்தான் பாண் பை தந்தனான். போட்டிருக்கிறியோ?”

பாண் பை என்றது பகிடியல்ல. கடைப் பாண் ரொட்டி சுற்றி வரும் பிளாஸ்டிக் பைகளை அக்கா கழுவிக் காயவைத்துச் சேர்த்துவைப்பார். காலுறைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டுதான் சப்பாத்துக்குள் காலை விடவேண்டும். கையுறைகள் தொலையாதபடி இரண்டையும் ஒரு நீள நாடாவில் தைத்து, கோட்டின் ஒரு கைக்குள்ளால் விட்டு மற்றக் கைக்குள்ளால் எடுத்துத் தொங்கவிடுவார். அந்த ஊரில் நாலு வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அப்படிச் செய்வார்கள் என்று எங்களுக்கு வெகுநாள் தெரியாது. மீசை வைத்த ஆண்கள் பதினொரு பேர் அப்படித் தொங்கவிட்டுக்கொண்டு பஸ்ஸில் போனோம்.

கீழ்த்தளத்தில் ஒரு பிரெஞ்சுக்காரக் கிழவர் இருந்தார். எழுபது மாரிகளை அதே தெருவில் பார்த்தவர். ஒருநாள் அவர் கோட்டைத் திறந்தபடி வெளியே போகப்பார்க்க, அக்கா மறித்து, “பொன்ஜூர் மெசியூ” என்று சொல்லிக்கொண்டே அவருடைய சிப்பையும் கழுத்துவரை இழுத்துவிட்டார். கிழவர் திகைத்துப்போய், “மெர்சி மதாம்” என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாளிலிருந்து அவரும் வாசலில் வந்து கழுத்தைக் காட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கினார்.

நான் வந்திறங்கியது ஒரு நவம்பர் மாதம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என்னிடம் இருந்தது கொழும்பில் நடைபாதையில் வாங்கிய ஒரு மெல்லிய ஸ்வெற்றர். இரண்டாம் மாடியில் பாலன் என்ற ஊர்க்காரனோடு அறையைப் பங்குபோட்டுக்கொண்டேன். அன்று மாலையே கதவில் தட்டுக் கேட்டது. அக்கா ஒரு கோட்டோடு நின்றார். கரும்பச்சை நிறம், தொப்பி வைத்தது, நடுவில் தடித்த பித்தளைச் சிப்.

“போடு பாப்பம்” என்றார்.

போட்டேன். முழங்காலுக்குக் கீழே இறங்கியது. கைகள் இரண்டும் உள்ளே காணாமல்போயின. பாலன் கட்டிலில் விழுந்து சிரித்தான். “மச்சான், உனக்குள்ள இன்னொரு ஆளை வாடகைக்கு விடலாம்” என்றான்.

அக்கா சிரிக்கவில்லை. “அவர் நல்ல உயரம். கதவு நிலையில தலை முட்டும்” என்றார்.

அந்தக் கோட்டு அக்காவின் கணவருக்கானது. அவர் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்காகக் காத்திருந்தார். அக்கா முன்னால் வந்துவிட்டார், கணவரைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு நாலு வருடமாகியிருந்தது. கனடாவில் கழித்த முதல் மாரியிலேயே, வேலைசெய்யும் இடத்தில் தையல் பிசகிய கோட்டு ஒன்றை மலிவாக வாங்கி, பிசகைப் பிரித்துச் சரிசெய்து, அதிலிருந்த சிப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தானே தேடி வாங்கிய பித்தளைச் சிப்பைப் பூட்டி வைத்திருந்தார். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஊரிலிருந்து யாராவது வருகிறார்களென்றால் விமான நிலையத்துக்குப் பூவோ மாலையோ கொண்டுபோவதில்லை. ஒரு கோட்டு கொண்டுபோவோம். வருகிறவர் மெல்லிய சேட்டுச் சட்டையோடு கண்ணாடிக் கதவுக்கு வெளியே வர, முதலில் கோட்டைப் போட்டுவிட்டுத்தான் கட்டிப்பிடிப்பது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அக்கா அதை வைத்திருந்தார்.

ஆனால் அதை அலுமாரிக்குள் பூட்டிவைக்கவில்லை. கட்டடத்துக்குப் புதிதாக வருகிற ஆளுக்கு முதல் மாரிக்கு அதுதான் கோட்டு. எனக்கு முன்னால் நாலு பேர் போட்டிருந்தார்கள். ஏன் கொடுக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“சும்மா தொங்கினா அது குளிரை மறந்திடும். ஆள் போட்டு நடந்தாத்தான் அதுக்குக் குளிர் பழகும். அவர் வரேக்க அது எல்லாம் தெரிஞ்ச கோட்டா இருக்கவேணும்.”

நிபந்தனை ஒன்றுதான். மாரி முடியத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இடையில் கணவர் வந்தால் அந்த நிமிடமே கொடுக்கவேண்டும். “ஓம் அக்கா” என்றேன். நாலு பேரும் அப்படித்தான் சொல்லி, அப்படியே திருப்பியும் கொடுத்திருந்தார்கள்.

அந்த மாரியில் நான் பண்ணிய முதல் பெரிய கூத்து ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. ஊர்ப் பழக்கத்தில் விடிய எழும்பி, தலைக்கு எண்ணெய் வைத்து முழுகி, திருநீறு பூசிக்கொண்டு வேலைக்கு வெளிக்கிட்டேன். அன்று வான் முந்தி வந்ததால் அக்கா வாசலில் இல்லை. தொப்பி போட்டால் திருநீறு அழிந்துவிடும் என்று அதைக் கையில் வைத்திருந்தேன். வெளியே மைனஸ் இருபத்தேழு. பஸ்ஸுக்கு நின்ற பத்து நிமிடத்தில் தலையைத் தொட்டுப்பார்த்தால் மயிர் குச்சிகுச்சியாக நின்றது. நெற்றி விறைத்துப்போய், காது இரண்டும் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. யாரோ எதையோ மறந்துவிட்டதால் திரும்பிவந்த வானின் கண்ணாடி வழியாக அக்கா என்னைக் கண்டுவிட்டார். வானை நிற்பாட்டி, பாதிப் பாதையில் இறங்கி ஓடிவந்தார்.

“விசரா! முழுகிப்போட்டே வந்தனீ? உனக்கு என்ன மூளை கீளை இருக்கோ?”

“வெள்ளிக்கிழமை அக்கா…”

“முழுகிறதெண்டா பின்னேரம் முழுகு. கடவுள் எல்லா நேரமும் இருப்பார். உன்ர காது இருக்காது.”

தன் சால்வையை அவிழ்த்து என் தலையில் இறுக்கிக் கட்டி, காதுகளைத் தேய்க்காமல் உள்ளங்கைகளால் பொத்திப் பிடித்தபடி என்னை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவந்தார். அன்று அவருடைய அரைநாள் வேலை போனது. அதை அவர் பிறகு ஒருபோதும் சொல்லிக்காட்டவில்லை. நான்தான் கட்டடம் முழுக்கச் சொல்லிச் சிரித்துத் திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்புக்கு அக்கா தொலைபேசியில் கதைப்பார். அந்தக் கட்டடத்தின் சுவர்கள் அப்பளம்தான், கதைப்பது எல்லாருக்கும் கேட்கும். மற்றவர்கள் விசா, ஆள் அனுப்பும் ஏஜென்சி, வீட்டு நிலைமை என்று கதைப்பார்கள். அக்கா கணவருக்கு மாரி பழக்கிக்கொண்டிருப்பார்.

“ஐஸில நடக்கேக்க காலை முழுசா வையுங்கோ. குதியை வைக்கப்படாது. தாரா நடக்கிற மாதிரி. எங்க, இப்ப ஒருக்கா நடந்து பாருங்கோ… நடந்தாச்சோ?”

கொழும்பில், முப்பது பாகை வெயிலில், ஒரு லொட்ஜ் வாசலில் அந்த மனிதர் வாத்துப்போல் தாரா நடை நடப்பதை நினைத்து நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். சிரித்து முடிய யாராவது ஒருவர் மெதுவாகச் சொல்வார், “பாவம் அக்கா. உந்த மனிசன் எங்க வரப்போகுது.” இரண்டு தரம் விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. அவருக்கு அங்கே வேறொரு குடும்பம் இருக்கிறது என்றும் ஒரு கதை உலாவியது. யார் தொடங்கியது என்று தெரியாது. அதை நானும் இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

மார்ச் மாதக் கடைசியில் ஒருநாள் பஸ் பிடிக்கிற அவசரத்தில் கோட்டின் சிப் இறுகிவிட்டது. இழுத்தேன். வரவில்லை. கோபத்தில் பலமாக இழுக்க, பித்தளைப் பிடி கையோடு வந்துவிட்டது, சிப்பின் பற்களும் நாலைந்து கழன்றுபோயின. வேறு எது உடைந்திருந்தாலும் போய்ச் சொல்லியிருப்பேன். சிப் பூட்டுகிற மனுசியிடம் போய், அவர் தேடி வாங்கிப் பூட்டிய சிப்பை உடைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? கோட்டைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

ஏப்ரலில் அக்கா கேட்டார். “கழுவித் தாறன் அக்கா” என்றேன். மே மாதம் கேட்டார். “லோண்டரியில குடுத்திருக்கு” என்றேன். பிறகு கோடை வந்தது. கோடையில் மொன்ட்ரியாலில் யாருக்கும் கோட்டு ஞாபகம் வராது.

ஒக்டோபரில் எனக்கென்று ஒரு தோல் ஜக்கெற் வாங்கினேன். கறுப்பு, இடுப்பளவு, கண்ணாடியில் பார்க்க எனக்கே என்னைப் பிடித்தது. அன்று அறையைத் துப்புரவாக்கும்போது கட்டிலுக்கடியிலிருந்து பச்சைக்கோட்டு தூசியோடு வெளியே வந்தது. பாலன் பார்த்துக்கொண்டு நின்றான்.

“உதை அக்காட்டக் குடு மச்சான்.”

“சிப் உடைஞ்சு போச்சடா.”

“அவவின்ர வேலையே அதுதானே.”

“இவ்வளவு நாளும் பொய் சொல்லிப்போட்டு இப்ப எப்பிடிக் குடுக்கிறது? அந்தாள் வரப்போறேல்லை. பிறகேன் கோட்டு?”

சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். மூலையிலிருந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் பழைய உடுப்புப் போடும் இரும்புப்பெட்டி ஒன்று இருந்தது. கோட்டை அதன் வாய்க்குள் திணித்தேன். பெரிய கோட்டு, இலேசில் போகவில்லை. முழங்கையால் அமத்தித் தள்ளவேண்டியிருந்தது.

முதல் பனி விழுந்த கிழமை அக்கா வாசலில் என்னை மறித்தார். அவர் என் புது ஜக்கெற்றைத் தடவிப்பார்த்து, “வடிவாத்தான் இருக்கு, ஆனா சூடு காணாது. சிப்பை இழு” என்றார். பிறகு, “இந்த முறை புது ஆக்கள் ஒருத்தரும் வரேல்லை. கோட்டு உன்னட்டையே இருக்கட்டும். அவர் வரேக்கத் தா” என்றார். “ஓம் அக்கா” என்றேன். தப்பிவிட்டேன் என்று உண்மையாகவே நினைத்தேன்.

பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் படிக்கட்டில் யாரோ ஓடி இறங்கும் சத்தம். அக்கா ஒருபோதும் ஓடமாட்டார். கதவைத் திறந்தால் அவர்தான். முகம் வேறொரு ஆளின் முகம்போல் இருந்தது, அவ்வளவு இளமையாக.

“விசா கிடைச்சிட்டுதடா தம்பி! டிக்கெற்றும் போட்டாச்சு. ஞாயிறு பின்னேரம் மிராபெல் எயாப்போட்டில வந்து இறங்குறார். ஆறு வருசம்! பாலனைக் காரோட வரச்சொல்லு. கோட்டை எடுத்து வை, என்ன?”

“ஓம் அக்கா” என்றேன். மூன்றாவது தடவை.

அந்தச் சனிக்கிழமை முழுவதும் பழைய உடுப்பு விற்கும் கடைகளாக ஏறி இறங்கினேன். இரும்புப்பெட்டிக்குள் போடுவது அங்கேதான் வந்துசேரும் என்று யாரோ சொன்னார்கள். பஸ், மெற்றோ, பிறகு பஸ். நகரின் வடக்கே இருக்கும் மொன்ட்ரியால்-நோர்வரை போனேன். ஆண்களின் கோட்டுகள் வரிசைவரிசையாகத் தொங்கின. உயரமானவை, தடித்தவை, நல்லவை. பச்சையில் பித்தளைச் சிப் வைத்தது மட்டும் இல்லை. அவற்றில் எதையாவது ஒன்றை வாங்கியிருந்தால் அந்த மனிதருக்குக் குளிராமலாவது இருந்திருக்கும். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. அதே கோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, எதுவுமே நடக்காததுபோல் ஆக்கிவிடவேண்டும் என்றுதான் நாள் முழுக்க ஓடினேன். கடைகளைப் பூட்டும்போது வெறுங்கையோடு திரும்பினேன்.

ஞாயிறு பகல் அக்கா கதவைத் தட்டினார். நல்ல சேலை கட்டி, மேலே தன் கோட்டைப் போட்டிருந்தார். பாலன் கீழே காரின் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“எங்க, தா. வெளிக்கிட வேணும்.”

“அக்கா…” என்றேன். பிறகு ஒரே மூச்சில் சொன்னேன். “பெட்டிக்குள்ள போட்டிட்டன். சேர்ச்சடிப் பெட்டிக்குள்ள.”

அவருக்கு விளங்கவில்லை. “என்னத்தை?”

“கோட்டை. சிப் உடைஞ்சு போச்சு அக்கா. நான்தான் உடைச்சனான். சொல்லப் பயமாக் கிடந்தது.”

“சிப்போ?” என்றார். “சிப் பத்து நிமிச வேலையெல்லோ, தம்பி.”

கோபம் வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“அவர் வரமாட்டார் எண்டு நினைச்சிட்டியளோ?”

என் தோல் ஜக்கெற்றைக் கழற்றி நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. “வேண்டாம், உங்களுக்குக் குளிரும்” என்றார். அதுவரை என்னை நீ என்றே கூப்பிட்டவர். பாலனின் கோட்டையாவது கேட்கட்டுமா என்றேன். “ஆறு வருசத்துக்குப் பிறகு வாற மனிசனை இரவல் கோட்டில கூட்டிக்கொண்டு வரமாட்டன்” என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப்போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு போர்வை இருந்தது. எங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கும் தடித்த பூப்போட்ட போர்வை, பெரிய சிவப்பு ரோசாப் பூக்கள்.

நானும் போனேன். ஏன் போனேனென்று தெரியாது. ஒரு மணிநேரம் வெள்ளை வயல்களுக்கு நடுவே கார் ஓடியது. விமான நிலையத்தில் மற்றத் தமிழ்க் குடும்பங்கள் கையில் கோட்டுகளோடு நின்றார்கள். அக்கா போர்வையோடு நின்றார். ஒரு அம்மா போர்வையைப் பார்த்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

கணவர் வந்தார். கதவு நிலையில் தலை முட்டுகிற உயரமெல்லாம் இல்லை. மெலிந்து, கொஞ்சம் கூனி, முன்தலை வழுக்கையோடு, மஞ்சள் சேட்டும் செருப்புமாக வந்தார். அந்தக் கோட்டு இருந்திருந்தாலும் எனக்குப்போல அவருக்கும் முழங்காலுக்குக் கீழேதான் இறங்கியிருக்கும். அதைச் சொல்லிச் சொல்லிப் பல வருடம் என்னை நானே ஆற்றப்பார்த்தேன். ஆறவில்லை.

அக்கா போர்வையை விரித்து அவரைச் சுற்றினார். சுற்றியதும் அக்காவின் வலதுகை, பழக்கதோஷத்தில், கணவரின் இடுப்படிக்குப் போனது. ஒன்றைப் பிடித்து மேலே இழுக்கப்போவதுபோல் விரல்கள் குவிந்தன. அங்கே பிடிக்க ஒன்றுமில்லை. கை அப்படியே வெறுமையாக மேலே ஏறிக் கழுத்தடியில் வந்து நின்றது. போர்வையின் இரண்டு விளிம்பையும் அங்கே சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கார்வரைக்கும் அந்தப் பிடியை விடவில்லை. வெளியே காற்று ஊசியாகக் குத்தியது. அந்த மனிதர் காலை முழுசாக வைத்து, தாரா நடை நடந்து வந்தார். இந்தமுறை நாங்கள் சிரிக்கவில்லை.

காரில் அவர் பாலனையும் என்னையும் பார்த்து, “தம்பிமார், நல்லா உதவி செய்தனீங்கள் எண்டு இவ போன் எடுக்கேக்க எல்லாம் சொல்லுவா” என்றார். அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டைப் பற்றி அவர் தன் கணவரிடமோ கட்டடத்தில் வேறு யாரிடமோ மூச்சுக்கூட விடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்தநாள் திங்கட்கிழமை. வேலைக்கு விடுப்பெடுப்பார் என்று நினைத்தேன். ஆறேகாலுக்கு இறங்கினால் அக்கா இரண்டு கதவுகளுக்கு நடுவில் வழக்கம்போல் நின்றார். எனக்கு முன்னால் போன பாலனை மறித்தார். “சிப்பை இழு. கழுத்துமட்டும்.” கீழ்த்தளக் கிழவர் கழுத்தைக் காட்டினார், இழுத்துவிட்டார். பிறகு நான். என் ஜக்கெற் நெஞ்சுவரை திறந்திருந்தது. படிக்கட்டில் வரும்போதே வேண்டுமென்று திறந்துவிட்டிருந்தேன். ஏச்சு விழட்டும், அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை.

அக்கா எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

“ஸ்னோ கொட்டுது. பாத்துப் போங்கோ” என்றார்.

அவர்கள் அந்தக் கோடையில் புரோசார்ட்டுக்கு வீடு மாறிப்போனார்கள். அதற்கு முன் மார்ச் இருந்தது, ஏப்ரல் பாதிவரை பனி இருந்தது. ஒவ்வொரு காலையும் நான் சிப்பைத் திறந்தபடியே இறங்கிப்போனேன். இரண்டு தரம் நெஞ்சில் சளி கட்டி, வேலைக்குப் போகாமல் கிடந்தேன். அக்கா ஒருநாளும் “சிப்பை இழு” என்று சொல்லவில்லை.